பாடிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்: சின்னக் குழந்தைகளுக்கான இசை விளையாட்டு

காரைக்குடிப் பக்கம் பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டால், பாட்டு கிளாஸில் சேர்த்துவிடலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். வீணைக்குக் காரைக்குடி சகோதரர்கள், மிருதங்கத்துக்குக் காரைக்குடி மணி என்று ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்டே புகழ்பெற்ற வித்வான்கள் இருந்த ஊர் இது. பெற்றோருக்கு ஆசை வருவது நியாயம்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைச் சம்மணம் போட வைத்து 'ச ரி க ம' சொல்லச் சொன்னால், ஐந்தாவது நிமிடம் எழுந்து ஓடிவிடும். உடனே, "இவனுக்குச் சங்கீதம் வராது போலிருக்கு" என்று ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடும். அந்தத் தீர்ப்பு தப்பு. அந்த வயதுக்கும் இசைப் பாடம் உண்டு. அது வேறு மாதிரி இருக்கும். அதற்குப் பெயர்தான் இசை விளையாட்டு.

பெரியவர் ஒருவரும் குழந்தையும் பாட்டு, ஒலி, கைத்தட்டு, அசைவு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்குவதுதான் இசை விளையாட்டு. நீங்கள் ஒரு சின்ன மெட்டைப் பாடுகிறீர்கள். குழந்தை ஏதோ ஒன்று செய்கிறது. அதை எடுத்து நீங்கள் திரும்ப அதற்கே பாடிக் காட்டுகிறீர்கள். குழந்தை சிரித்துவிட்டு இன்னொன்று செய்கிறது. இவ்வளவுதான். குழந்தையின் பதில் பாட்டாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. காலை உதைக்கலாம், 'ஊ' என்று இழுக்கலாம், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு அப்படியே உறைந்துபோய் உங்கள் வாயையே பார்க்கலாம். அந்த உறைந்த பார்வையும் பதில்தான். சொல்லப்போனால் மிக நல்ல பதில் அது. காது முழுவதும் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

செல்போனில் குழந்தைப் பாட்டை ஓடவிட்டுக் கையில் கொடுப்பது இதில் சேராது. வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் குழந்தை 'ஆ' என்றால் அது நிற்காது, கேட்காது, பதில் சொல்லாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் திரை முன் உட்காரவே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உடலும் தூக்கமும் கெடக்கூடாது என்ற அக்கறையில் வந்த அறிவுரை அது. இசைக்காகப் பார்த்தாலும் அதே முடிவுக்குத்தான் நான் வருவேன்.

பேச்சு வந்த வழியே பாட்டும்

குழந்தைக்கு யாரும் இலக்கணம் சொல்லிக் கொடுத்துத் தமிழ் வரவில்லை. முதலில் மாதக்கணக்கில் கேட்டது. அப்புறம் 'ங்கா' என்றது. வீட்டில் எல்லோரும் அந்த 'ங்கா'வையே அர்த்தமுள்ள பேச்சாக எடுத்துக்கொண்டு, "என்ன சொல்றே, பால் வேணுமா?" என்று பதில் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் சொல், வாக்கியம், கடைசியாக எழுத்து. இசையும் இதே வரிசையில்தான் வரும் என்று விரிவாக எழுதியவர் எட்வின் கார்டன் (1927–2015) என்ற அமெரிக்க இசைக் கல்வியாளர். காதில் ஒலி இல்லாதபோதும் மனத்துக்குள் ஒரு மெட்டைக் கேட்கவும் புரிந்துகொள்ளவும் முடிவதுதான் இசைத் திறனின் அடிப்படை என்பது அவர் கருத்து. பாடிக்கொண்டே வருபவர் நடுவில் நிறுத்தினாலும், மிச்சம் உங்களுக்குள் ஓடுகிறது இல்லையா? அதுதான்.

அவர் சொல்லும் படிகளைச் சுருக்கினால் இப்படி வரும். முதலில் குழந்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு போலச் செய்து பார்க்கும். தான் பாடுவது மற்றவர் பாடுவதோடு சேரவில்லை என்று தானே கண்டுபிடிக்கும். கடைசியாகத் தன் மூச்சையும் அசைவையும் பாட்டோடு பொருத்தும். இதில் முதல் படிக்கே இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். நாம் அவசரப்பட்டு இடிப்பதும் அதைத்தான்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், பார்த்ததைச் சொல்கிறேன். அப்பத்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே வார்த்தை இல்லாமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தார். ஒன்றேகால் வயதுப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சம்படத்தின் மூடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். தள்ளியிருந்த முறத்தை இழுக்க எட்டியபோது அப்பத்தாவின் மெட்டு பாதியில் நின்றது. மூடியைத் தட்டிய கையும் நின்றது. பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் 'ஆ' என்று ஒரே ஒரு ஒலியைக் கீழே இறக்கி விட்டாள். அந்த மெட்டு போய் உட்கார வேண்டிய இடத்துக்கு அது ரொம்பப் பக்கத்தில் இருந்தது. "அடியாத்தி, பாடுறாளே!" என்று சொல்லிவிட்டு அப்பத்தா அதே 'ஆ'வை அவளுக்கே திரும்பப் பாடினார். பேத்தி மூடியை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

அந்த இரண்டு மூன்று நொடியைத்தான் நான் எல்லாப் பெற்றோரிடமும் கேட்பேன். பெரும்பாலோர் அங்கே காத்திருப்பதில்லை. "பாடு, பாடு, அம்மா பாடின மாதிரி பாடு" என்று இடைவெளியைப் பேச்சால் நிரப்பிவிடுவார்கள். குழந்தைக்குக் கேட்டதை உள்ளே வாங்கி, குரலையும் உடம்பையும் திரட்டிப் பதில் தர நேரம் வேண்டும். மெட்டை முடியாத இடத்தில் விட்டு நிறுத்துங்கள். 'ச'வில் இறங்க வேண்டிய வரியை 'ரி'யிலோ 'ப'விலோ தொங்கவிட்டு, வாயை மூடிக்கொண்டு, முகத்தைப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் அப்படியே அடுத்த வரிக்குப் போய்விடலாம். நாளைக்கு வரும்.

பிள்ளைத்தமிழ் சொல்லும் மாதக் கணக்கு

வெளிநாட்டுப் பேராசிரியர் சொல்லித்தான் இது நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையின் பருவங்களை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஏழாம் மாதம் தால்: நாவை அசைத்து ஒலி எழுப்புவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: இரு கையையும் சேர்த்துத் தட்டுவது. ஒன்றரை வயதை ஒட்டிச் சிறுபறை: சின்னப் பறை கொட்டி விளையாடுவது. உடம்பு, நாக்கு, கை, கருவி என்று வரிசை எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். இன்றைய குழந்தை மருத்துவர்களும் கைத்தட்டலை ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள்தான் எதிர்பார்ப்பார்கள். 'ஆடுக', 'கொட்டுக', 'வருக' என்று அந்தப் பாடல்கள் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாடியவர் குழந்தையிடம் ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் பாடினார்.

செட்டிநாட்டுத் தாலாட்டுகளும் அப்படித்தான். மாமன் கொண்டுவந்த சீர் ஒவ்வொன்றாக வரும். பொருள் மாறும், மெட்டு மாறாது. ஒரே மெட்டு பத்துத் தடவை வரும்போது குழந்தையின் காது அதைப் பிடித்துக்கொள்கிறது. சின்னச் சின்ன மாற்றம் வரும்போது கவனம் கலையாமல் நிற்கிறது. பாட்டு கிளாஸில் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்று இது. நம் வீட்டு ஆச்சிமார் தூளியை ஆட்டிக்கொண்டே தந்தார்கள். வயதானவர் வீட்டில் இருந்து, அவருக்குத் தாலாட்டுத் தெரிந்திருந்தால், தயவுசெய்து குழந்தையை அவர் மடியில் போடுங்கள். முளைப்பாரி எடுக்கும்போது பெண்கள் போடும் குலவையும் அருமையான விளையாட்டு. ஏழெட்டு மாதக் குழந்தைக்கு முகத்துக்கு நேராக மெதுவாகக் குலவை போட்டுக் காட்டுங்கள். அது தன் நாக்கை அசைத்துப் பார்க்கும்.

உடம்பு ஆடாமல் தாளம் வராது

பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் மூளை அலைகளை ஹங்கேரியில் பதிவு செய்து பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த தாளத்தில் முக்கியமான அடியை மட்டும் எடுத்துவிட்டபோது, மூளை அந்தக் குறையைக் கவனித்தது. 2009-இல் வந்த ஆய்வு இது. ஆக, தாளத்தை எதிர்பார்க்கும் திறனோடுதான் குழந்தை பிறக்கிறது.

அந்தத் திறன் எப்படி வளர்கிறது என்பதற்கு 2005-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை நல்ல விளக்கம். ஏழு மாதக் குழந்தைகளுக்கு எங்கேயும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தைக் கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு அடிக்கு ஒரு முறை குதிக்க வைத்தார்கள், சிலரை மூன்று அடிக்கு ஒரு முறை. பிறகு அழுத்தத்தோடு கூடிய தாளங்களைப் போட்டபோது, இரண்டாகக் குதித்தவர்கள் இரண்டின் நடையையும் மூன்றாகக் குதித்தவர்கள் மூன்றின் நடையையும் அதிக நேரம் கேட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டுச் செய்தபோதும் அதே முடிவு. ஆனால் வேறொருவர் குதிப்பதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் அது நடக்கவில்லை. தாளம் உடம்பு வழியாகக் காதுக்குப் போகிறது. ஜெனீவாவில் இசை கற்பித்த எமில் ஜாக்ஸ் டால்குரோஸ் நூறு ஆண்டுக்கு முன்பே மாணவர்களை நாற்காலியிலிருந்து எழுப்பி நடக்கவும் ஆடவும் வைத்தது இதனால்தான்.

நம் வீடுகளில் இதற்குத் தரையே போதும். ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் (கூடத்தில்) பூப்போட்ட கட்டங்கள் வரிசையாக இருக்கும். குழந்தை ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குக் கால் வைக்கட்டும். ஒவ்வொரு அடிக்கும் நீங்கள் ஒரு தட்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதலில் உங்கள் தாளத்துக்கு அது நடக்க வேண்டாம், அதன் நடைக்கு நீங்கள் தட்டுங்கள். சின்னக் குழந்தையின் இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். நாம் நிதானமாகத் தட்டும் தாளம் அதற்குக் கட்டிப்போட்டது போல இருக்கும். தன் காலுக்குச் சத்தம் வருகிறது என்று குழந்தை கண்டுபிடிக்கும் நிமிடம் பார்க்க வேண்டியது. வேண்டுமென்றே நின்று உங்களைப் பார்க்கும். நீங்களும் நிறுத்த வேண்டும். மறுபடி ஓடும். நீங்களும் விரட்டித் தட்ட வேண்டும். சில நாளில், நீங்கள் தட்டை மெல்ல நிதானப்படுத்தினால் அதுவும் காலை நிதானப்படுத்த முயலும்.

மனிதர் சேர்ந்து செய்வதற்கும் மெஷின் செய்வதற்கும் வித்தியாசம் உண்டா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுக் குழந்தைகளை மேளம் தட்ட வைத்தார்கள். கூட ஒரு ஆள் தட்டியபோதும், தட்டும் இயந்திரம் இருந்தபோதும், ஸ்பீக்கரிலிருந்து ஒலி மட்டும் வந்தபோதும் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஆளோடு சேர்ந்து தட்டியபோதுதான் தாளம் அதிகம் ஒட்டியது. 2009-இல் வந்தது இந்த முடிவு. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பாட்டுப் பொம்மை வாங்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவேன்.

இன்னொரு செய்தி நம்மைப் போன்றவர்களுக்குச் சந்தோஷம் தருவது. மேற்கத்திய இசையில் இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கைதான் அதிகம் புழங்கும். அங்கே வளரும் ஆறு மாதக் குழந்தை ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் வரும் பிசகைக்கூடக் கண்டுபிடித்துவிடும். ஒரு வயதாகும்போது, கேட்டுப் பழகாத அந்தத் தாளத்தில் கவனம் மங்கிவிடுகிறது. மறுபடி இரண்டு வாரம் வீட்டில் கேட்க வைத்தால் திரும்ப வருகிறது. பெரியவர்களுக்கு அப்படி எளிதில் வருவதில்லை. நம்மிடம் ஐந்தாக எண்ணும் கண்டமும் ஏழாக எண்ணும் மிஸ்ரமும் சர்வசாதாரணம். 'தக தகிட' ஐந்து, 'தகிட தகதிமி' ஏழு. குழந்தையை மடியில் வைத்து, 'த' வரும் இடத்தில் கொஞ்சம் தூக்கிப் போட்டபடி இதைச் சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை எதையும் விளக்க வேண்டாம். எப்போது தூக்குவீர்கள் என்று குழந்தை எதிர்பார்க்கத் தொடங்கி, ஒரு நொடி முன்னாலேயே சிரிக்கும். தாளம் உள்ளே போய்விட்டது என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சி.

வீட்டில் இருப்பதை வைத்து

வாத்தியம் வாங்க வேண்டியதில்லை. எவர்சில்வர் தம்ளர், பித்தளைச் சொம்பு, மரப்பெட்டி, கொட்டாங்கச்சி இரண்டு. முதலில் குழந்தை எதிரிலேயே ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுங்கள். அப்புறம் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு ஒன்றைத் தட்டுங்கள். எது சத்தம் போட்டது என்று குழந்தை கையைக் காட்டட்டும். இரண்டரை வயதுக்கு மேல் இதில் பிள்ளைகள் அலுக்கவே மாட்டார்கள். அடுத்து குழந்தை தூணுக்குப் பின்னால் போகும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு தடவை தப்பாகச் சொல்லுங்கள், திருத்துவதில் அதற்கு அவ்வளவு பெருமை.

பொம்மைக் கடையில் கட்டை அடுக்கிய சைலோஃபோன் கிடைக்கிறது. வாங்கினால் கடையிலேயே தட்டிப் பார்த்து, சுருதி ஓரளவு சரியாக உள்ளதை எடுங்கள். பல பொம்மைகளில் சுருதியே இருக்காது. எட்டுக் கட்டை இருந்து அவை கழற்றுகிற மாதிரி இருந்தால், நாலாவதையும் ஏழாவதையும் எடுத்துவிடுங்கள். 'ம'வும் 'நி'யும் போய், மிச்சம் இருப்பது ச ரி க ப த, மேல் ச. மோகன ராகம்! இந்தச் சுரங்களில் எதையும் எதோடும் சேர்த்துத் தட்டினாலும் காதைக் குத்தாது. அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு உரசுகிற சுரங்கள் அதில் இல்லை. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் 1924-இல் மியூனிக்கில் தொடங்கி வளர்த்தெடுத்த குழந்தை இசைக் கல்வியில் இந்த உத்தி உண்டு. குழந்தை தப்பே செய்ய முடியாத கருவி கையில் இருக்கிறது. நீங்கள் இரண்டு தட்டு, அது இரண்டு தட்டு, அதுவே உரையாடல்.

புளியங்கொட்டை, சோழி, பாசிமணி இவற்றைக் கிலுகிலுப்பையாக ஆக்கும்போது மட்டும் கவனம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் எதையும் வாயில் போடும், தொண்டையில் சிக்கும். மூடியை இறுக்கி ஒட்டிய பாட்டிலில் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். திருவிழாவில் தவில், நாதஸ்வரம் கேட்கட்டும், கட்டாயம் கேட்கட்டும். ஆனால் குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ சுவாமி புறப்பாட்டின்போது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவிலுக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். குழந்தையின் காது நம் காதைவிட மென்மையானது. நாலைந்து வீடு தள்ளி நின்றாலே தாராளமாகக் கேட்கும்.

பாடும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று தாய்மார்கள் வருத்தப்படுவது உண்டு. சின்னக் குழந்தைக்கு வித்வான் குரல் தேவையில்லை, தெரிந்த குரல் போதும். உங்களுக்கு வசதியான சுருதி குழந்தையின் குரலுக்குத் தாழ்வாக இருக்கும், அதனால் கொஞ்சம் மேலே எடுத்துப் பாடுங்கள். அப்பாக்களும் தாத்தாக்களும் பாடலாம், கட்டைக்குரல் என்று ஒதுங்க வேண்டாம். பாட்டில் சொல் இல்லாமல் 'லா', 'பா' என்று மட்டும் பாடுவதற்கும் ஒரு பயன் உண்டு. சொல் இருந்தால் குழந்தையின் கவனம் சொல்லுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் மெட்டைப் பிடித்துக்கொள்ளும். வளவில் உட்கார்ந்து பாடினால் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் கல் தளமும் குரலைத் திருப்பித் தரும், அது குழந்தைக்கு வேடிக்கை. தாள விளையாட்டுக்கு மட்டும் எதிரொலி குறைந்த சின்ன அறை நல்லது, இல்லையென்றால் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

குழந்தை சுருதி விலகிப் பாடினால் திருத்தாதீர்கள். ஐந்தாறு வயதுவரை அது சாதாரணம். குரலைக் காது சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோவது மெல்ல மெல்ல வரும் பழக்கம். அது பாடியதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, நீங்கள் சரியான சுருதியில் ஒரு முறை பாடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், அதுவும் ஒரே மூச்சில் வேண்டாம். குளிப்பாட்டும்போது கொஞ்சம், சோறு ஊட்டும்போது கொஞ்சம், தூளியில் கொஞ்சம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அப்படியானால் கிளாஸுக்கு எப்போது?

வயதைவிடச் சில அடையாளங்களைப் பார்ப்பது நல்லது. தெரிந்த பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய ஒரே சுருதியில் பாடுகிறதா? நீங்கள் தட்டும் தாளத்தோடு ஒரு நிமிடம் சேர்ந்து நடக்க முடிகிறதா? நீங்கள் புதிதாகப் பாடும் ஒரு சின்ன வரியைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல ஆசைப்படுகிறதா? இவை வந்துவிட்டால், கிளாஸில் முதலில் சொல்லித் தரும் சுரப் பயிற்சியான சரளி வரிசை அதற்குச் சுமையாக இருக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஐந்து முதல் ஏழு வயதுக்குள் நடக்கும். இசைக்கான உள்ளார்ந்த திறன் ஒன்பது வயதுவரை சூழலைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் என்பது கார்டனின் கருத்து. எனவே ஆறு வயதில் சேர்த்தால் காலம் தப்பிவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். விஜயதசமிக்குச் சேர்ப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு பிள்ளை தயாராக இல்லையென்றால் அடுத்த விஜயதசமியும் நல்ல நாள்தான்.

சேர்க்கும் முன் ஆசிரியரிடம் முதல் மூன்று மாதம் வகுப்பு எப்படிப் போகும் என்று கேட்டுவிடுங்கள். முதல் நாளே நோட்டுப் புத்தகத்தில் எழுதவைத்து மனப்பாடம் செய்யச் சொல்வதாக இருந்தால், இன்னும் ஓராண்டு வீட்டிலேயே விளையாடட்டும். "தாளத்துக்கு நடக்க விடுவேன், நான் ஒரு வரி பாடுவேன், பிள்ளை அதன் இஷ்டத்துக்கு ஒரு வரி பாடட்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர் வீடு பக்கத்து ஊரில் இருந்தாலும் பஸ் ஏறிப் போய்ச் சேர்த்துவிடுங்கள்.